அம்மா கேட்ட துக்க மணி

எங்கள் அம்மா தன்னுடைய துக்க மணியைத் தன் காதாலேயே கேட்டவள். அடக்கத்துக்கு வர முடியாமல் போன சொந்தக்காரர்கள் போனில் கூப்பிட்டு, கடைசி நாளெல்லாம் எப்படி இருந்தாள் என்று கேட்கும்போது நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன். விம்முவதற்குத் தயாராக இருப்பவர்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். பாதிப் பேர் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதே இல்லை. அம்மாவே சிரித்த விஷயம் அது.

ஆளுக்கு ஆள் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். வயதானவர்களை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உபயோகப்படும்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது எண்பத்து நான்கு. நாங்குநேரிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பி ராஜனுக்கு ஐந்து. அதற்கு அடுத்த வருடமே பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டேன் என்று அவள்தான் சொல்லிக்கொள்வாள். பிரேக் பிடிப்பது மட்டும் கடைசிவரை அவளுக்கு வரவில்லை. வாய்க்கால் கரையில் எதிரே மாடு வந்தால் சத்தம் போடுவாள், மாடுதான் ஒதுங்கிப் போக வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை ஆலயத்தில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசன விருந்துக்குச் சாம்பார் அவள் பொறுப்பு. அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆண்களை விரட்டி விரட்டி வேலை வாங்குவாள். எங்கள் ஊரில் அம்மாவிடம் அடி வாங்காத ஒருவரைப் பார்த்தால், அவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொள்ளலாம்.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு நுழையவில்லை. "கடைக்காரன் சின்னதாக் குடுத்து ஏமாத்திட்டான்" என்றாள். அது இரண்டு வருடம் போட்ட செருப்பு. அடுத்து, படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினாள். நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அடுத்த வீட்டு எஸ்தர் சித்தி சொல்லித்தான். காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். "பெருநாளுக்குக் கூப்பிட்டா வரமாட்ட, இப்ப மட்டும் வந்துட்டியாட்டி" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதலில் எக்கோ எடுத்தார்கள். அது வலிக்கிற சோதனை இல்லை. நெஞ்சில் குளிர்ச்சியாக ஒரு பசையைத் தடவி, ஒரு சின்னக் கருவியை வைத்து உருட்டுவார்கள். உள்ளே இதயம் சுருங்கி விரிவது திரையில் தெரியும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னோடதா? இம்புட்டுச் சோம்பேறியாவா அடிக்கு?" என்று கேட்டாள். சோதனை செய்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் கருவியை எடுத்துவிட்டாள்.

தாளில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் இதயமே நிற்கப்போகிறது என்று நினைத்துவிட்டேன். டாக்டர் இளம் பெண், என் மகள் வயதிருக்கும். உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். செயலிழப்பு என்றால் நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. இரத்தத்தைத் தள்ளுகிற பலம் குறைந்துவிட்டது. தள்ள முடியாத நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது. நுரையீரல் நனைந்து கிடப்பதால்தான் படுத்தால் மூச்சு வாங்குகிறது. நீரை இறக்க ஊசி உண்டு. ஆனால் அதிகமாக இறக்கினால் ஏற்கெனவே சோர்ந்துபோயிருக்கும் சிறுநீரகம் படுத்துவிடும். இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது. இதைச் சொல்லிவிட்டு டாக்டர் என் கையைத் தொட்டாள். அந்தத் தொடுதலில்தான் எனக்குப் பயம் வந்தது.

அம்மாவுக்கு வந்த பெரிய சோதனை எக்கோ இல்லை, தண்ணீர். நாள் முழுவதற்கும் ஒரு பாட்டில்தான் என்று கட்டளை. காப்பியும் அதில் சேர்த்தி. அடுத்த கட்டிலில் காயல்பட்டினத்து அம்மா ஒருவர் படுத்திருந்தார். அவருடைய மருமகள் பாத்திமா கூட இருந்தாள். கணவர் துபாயில். சாயங்காலமானால் அவள் பிளாஸ்க்கைத் திறந்து இஞ்சி டீ ஊற்றுவாள், வார்டு முழுக்க மணக்கும். அம்மா நர்ஸைக் கூப்பிட்டு, "வாசம் பிடிக்கதுக்கும் அளவு உண்டாம்மா?" என்று கேட்டாள். அதிலிருந்து பாத்திமா டீ குடிக்கும் முன் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அம்மாவின் மூக்குக்கு நேரே கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத்தான் குடிப்பாள். எனக்குக் காலையில் இடியாப்பம் தருவாள். முதுகுக்கு வைத்துக்கொள்ளத் தன் தலையணையையும் கொடுத்துவிட்டாள்.

முதல் சில நாள் நீர் நன்றாக இறங்கியது. கால் வற்றி, பழைய கணுக்கால் தெரிந்தது. நான் ராஜனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சென்னையில் கம்பெனி வேலையை விட்டு நகர முடியாமல் இருந்த அவன் ஒரு நாளைக்கு நான்கு முறை கூப்பிடுவான், பில்லை என் கண்ணில் காட்டாமல் அங்கிருந்தே கட்டிவிடுவான். எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பேரும் நம்பினோம். அப்புறம் சிறுநீரகம் மக்கர் பண்ணியது. மறுபடி மூச்சு. முகத்தில் இறுக்கிக் கட்டி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் முகமூடி ஒன்றை மாட்டினார்கள். அம்மா அதைக் கழற்றுவாள், நான் மாட்டுவேன். திரும்பக் கழற்றுவாள். "வாயக் கட்டிப்போட்டா நான் என்னத்துக்குட்டி இருக்கணும்?" என்றாள்.

அடுத்த படி தீவிர சிகிச்சைப் பிரிவு என்று டாக்டர் சொன்னாள். தொண்டைக்குள் குழாய் இறக்கி, இயந்திரம் மூச்சு விடும். இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தோடு, அதிலிருந்து மீண்டு வெளியே வருவது கஷ்டம் என்பதையும் மறைக்கவில்லை. கட்டிலிலிருந்து அம்மாதான் பேசினாள்.

"டாக்டரம்மா, நான் வீட்டுக்குப் போனா எத்தன நாள் இருப்பேன்?"

"சொல்ல முடியாது பாட்டி. ரெண்டு நாளும் இருக்கலாம், ரெண்டு வாரமும் இருக்கலாம்."

"இங்கன இருந்தா?"

"அதுவும் சொல்ல முடியாது."

"அப்போ சொல்ல முடியாம நான் வீட்டுலயே இருந்துக்கிடுதேன்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வராந்தாவுக்குப் போய் அழுதுகொண்டிருந்தபோது பாத்திமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ராத்தா, உங்க உம்மா எங்க போவணும்னு கேக்குறாங்க? அவங்க வீட்டுக்குத்தானே?" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் வீட்டில் செய்ய வேண்டியதையெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு பெட்டி வாடகைக்குக் கிடைக்கும். மூச்சு மிகவும் முட்டினால் நாக்கில் விட சொட்டு மருந்து. அது நோயைக் குணமாக்காது, தவிப்பை அடக்கும். முன்பக்கம் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, மின்விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்ப வேண்டும். எந்த நேரம் வேண்டுமானாலும் தன்னைக் கூப்பிடலாம் என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

ராஜனிடம் சொன்னேன். "என்னக்கா சொல்லுத? ஆஸ்பத்திரிய விட்டு வீட்டுக்கா? நீ அம்மாவக் கொல்லப் பாக்கியா?" என்று கத்தினான். நானும் பதிலுக்குக் கத்தினேன். இங்கே வந்து பார்க்காதவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டுப் போனை அணைத்துப் பையில் போட்டேன். ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவேளை அவன் சொல்வதுதான் சரியோ? அம்மாவை நான்தான் அவசரப்பட்டு அனுப்புகிறேனோ? ஆம்புலன்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுகிலும் அழுதுகொண்டே போனேன். பின்னால் என் கணவரோடு இருந்த அம்மா, "தம்பி, அந்தச் சங்க ஊதாதீய. தல வலிக்கு" என்று சொல்லவும் டிரைவர் சைரனை நிறுத்தினார். வண்டியும் பையத்தான் போனது.

இதில்தான் வினை வந்தது. எங்கள் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு போனால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் மெதுவாக ஊருக்குள் வந்தால் முடிந்துவிட்டது. ஆலயத்து முக்கில் பாக்கியநாதன் அண்ணாச்சி நின்றிருந்தார். ஆலயத்தைப் பெருக்குவது, விளக்குப் போடுவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். சத்தமில்லாத வண்டியைப் பார்த்தார், முன்னால் உட்கார்ந்து அழுகிற என்னைப் பார்த்தார். நேரே போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

துக்க மணி தனியாகத் தெரியும். ஒரே ஒரு அடி, அது கரையும்வரை இடைவெளி, பிறகு இன்னொரு அடி. அம்மாவை ஸ்ட்ரெச்சரில் வாசலுக்கு இறக்கும்போது முதல் அடி விழுந்தது. அம்மா ஆக்சிஜன் குழாயோடு காதைத் தீட்டிக் கேட்டாள்.

"யாருக்குட்டி?"

எனக்கும் தெரியவில்லை. அம்மாவை உள்ளே கொண்டுபோய்த் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்தபோதும் மணி நின்றபாடில்லை. அந்த நேரத்தில் எஸ்தர் சித்தி தலைமுடியை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு, "எங்கள விட்டுட்டுப் போயிட்டியளே டீச்சர்" என்று மாரில் அடித்தபடி ஓடிவந்தாள். வாசலைத் தாண்டியவள் அப்படியே நின்றாள்.

"எங்கட்டிப் போயிட்டேன்? இப்பத்தான வாரேன்" என்றாள் அம்மா.

அதற்குப் பின்னால் வந்த கூட்டத்தைச் சொல்லி மாளாது. பந்தல் போடுகிறவர் மூங்கிலோடு வந்துவிட்டார். நாற்காலிகள் வந்து இறங்கின. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தவர்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். வந்தது வந்தாயிற்று என்று அந்த நாற்காலிகளில் உட்காரவைத்து எல்லாருக்கும் காப்பி போட்டேன். பாக்கியநாதன் அண்ணாச்சியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அறுபதைத் தாண்டியவர், ஆனால் அம்மாவிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவர். கையைக் கட்டிக்கொண்டு கட்டில் முன்னால் நின்றார்.

"ஏலே பாக்கியநாதா, என்னத்தப் பாத்து அடிச்ச?"

"சைரன் இல்லாம வந்துச்சு டீச்சர். முன்னால தங்கச்சி அழுதுக்கிட்டு இருந்தா. நான் என்ன நெனைக்க?"

"அது போட்டும். அடுத்த தடவ எடைவெளி கொஞ்சம் கூட விட்டு அடி. ரொம்ப அவசரப்படுத."

அறை முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சி மட்டும் அழுதார். அம்மா அவரைக் குனியச் சொல்லித் தலையில் கைவைத்தாள். நான் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தேன். ஆனாலும் ராஜன் சொன்னது உள்ளே அப்படியேதான் இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

ராஜனை நாங்கள் எல்லாரும் மறந்துவிட்டோம். யாரோ மணிச் சத்தம் கேட்டவுடன் அவனுக்குப் போன் போட்டுத் துக்கம் சொல்லிவிட்டார்கள். சொன்னவருக்குத் திரும்பக் கூப்பிட்டு இல்லை என்று சொல்ல வெட்கம். என் போன் பைக்குள் அணைந்தே கிடந்தது. அவன் விமானத்தைப் பிடித்துத் தூத்துக்குடியில் இறங்கி, வழியில் பாளையங்கோட்டையில் பெரிய ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்துக்கு வீட்டுக்குள் வந்தான். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தது. அம்மா ரஸ்க்கைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் கையிலிருந்த மாலை கீழே விழவில்லை என்பதுதான் ஆச்சரியம். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"மால எனக்காலே?" என்று கேட்டாள் அம்மா. "என் கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுப் பெருசு கெடையாது. கொண்டாந்து போடு."

போட்டான். அம்மா மாலையோடு காப்பியை முடித்தாள். அந்தப் படம் என் போனில் இருக்கிறது. ராஜன் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்கிறானா அழுகிறானா என்று படத்தில் தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை.

ஆனால் அவன் மனசு மாறவில்லை. மறுநாள் காலையில் பின்வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான். நல்லாத்தானே இருக்கிறாள், திரும்பக் கொண்டுபோவோம், சென்னைக்கே கொண்டுபோவோம் என்றான். குரல் உள்ளே கேட்டிருக்கிறது. அம்மா கூப்பிட்டாள். "ஏலே, அங்கன எனக்கு மணி அடிக்கக்கூட ஆள் கெடையாது. சும்மா இரி." அவன் வாயை மூடிக்கொண்டான். அதற்காக ஒப்புக்கொண்டான் என்று இல்லை. போனில் அந்த ஆஸ்பத்திரி நம்பரை எடுத்துவைத்துக்கொண்டேதான் நடமாடினான்.

அந்த நாட்கள் திருவிழா மாதிரி போயின. துக்கத்துக்கு வந்தவர்கள் போய்ச் சொல்ல, கேள்விப்பட்டவர்கள் எல்லாம் உயிரோடு பார்க்க வந்தார்கள். கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி, அம்மா சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்ததையும், சாப்பாட்டுத் தூக்கை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே எழுந்து வந்ததையும் நடித்துக் காட்டினாள். "ஈரச் சேலையோட முழுநாளும் பாடம் எடுத்தேன், அதச் சொல்லு" என்று அம்மா திருத்தினாள். அடக்க ஆராதனையில் தன்னைப் பற்றி யார் பேசுவது என்று விசாரித்தாள். வளவளவென்று பேசுகிற ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் வேண்டாம் என்று உத்தரவு போட்டாள். பகலில் பேச்சு, இடையிடையே குட்டித் தூக்கம். தூக்கம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வந்தது.

ஒரு சாயங்காலம் மூச்சு முட்டியது. உதடு நீலமாகி, கண் இரண்டும் என்னைத் தேடியது. ராஜன் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனான். அம்மா கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பேச முடியவில்லை, தலையை மட்டும் அசைத்தாள். நான் டாக்டர் சொன்னபடி முன்னால் சாய்த்து, விசிறியைத் திருப்பி, நாக்கில் மருந்தை விட்டேன். அவசரத்தில் இரண்டு சொட்டு தலையணையில் விழுந்தது. என்ன ஆகுமோ என்று செத்துப் பிழைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கியது. "பயம் தீந்துதா?" என்று அம்மாவே எங்களைக் கேட்டாள். ராஜன் போனை அலமாரிக்கு மேலே வைத்தான். பிறகு அதை அவன் தேடவில்லை. லீவை நீட்டிக்கச் சொல்லி என் போனிலிருந்துதான் கூப்பிட்டான்.

தூக்கிப் பிடித்துத் தூக்கிப் பிடித்து எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அதனால் அம்மாவுக்குத் தலைவாருகிற வேலை ராஜனுக்குப் போனது. இரண்டு பையன்களைப் பெற்றவன், ஜடை அவனுக்கு எங்கே தெரியும்? மூன்று கால் பிரிப்பதற்குப் பதிலாக இரண்டை வைத்து முறுக்குவான். "கயிறு திரிக்காதலே, பின்னு" என்பாள் அம்மா. முகத்தைச் சுளிப்பாள். ஆனால் வேறு யாரையும் வாரவிட மாட்டாள்.

அன்றைக்குக் காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. அம்மா ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள். ராஜன் கட்டிலில் பின்னால் உட்கார்ந்து அவளைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு வாரிக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். அலுவலகத்தில் தன் மேலதிகாரி செய்யும் கூத்தை அவன் சொல்லிக்கொண்டிருந்ததும், அம்மா "உம்" கொட்டியதும் கேட்டது. அப்புறம் அவன் பேச்சு மட்டும் கேட்டது.

காப்பியோடு வந்து நின்றேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. முகம் தெளிவாக இருந்தது. தூங்கும்போது நெற்றியில் வரும் அந்தச் சுருக்கம்கூட இல்லை. ராஜன் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, குனிந்து, மூன்று காலாகப் பிரித்து ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டிருந்தான். முதல் தடவையாகச் சரியாகப் பின்னியிருந்தான். அவன் நுனிவரை பின்னி, ரிப்பனைக் கட்டி முடிக்கும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரியா இருக்காக்கா?"

"நல்லா இருக்குலே" என்றேன். என் குரலைக் கேட்டு நிமிர்ந்தான். அம்மாவின் முகத்தை எட்டிப் பார்த்தான். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"எப்போக்கா?"

"நீ பின்னிக்கிட்டு இருக்கையிலதான்."

அவன் அழுவான், கத்துவான், என்னை ஏதாவது கேட்பான் என்று நினைத்தேன். அவன் அசையவில்லை. சாய்ந்திருந்தவளை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"அப்போ என் கையிலயாக்கா போயிருக்கா?" என்றான்.

"ஆமாலே. உன் கையிலதான்."